மகாத் சத்தியாகிரகம்

மகாத் சத்தியாகிரகம் என்பது பொதுக் குளத்தில் நீர் எடுக்கும் உரிமைக்காகத் தலித் மக்கள் 1927 ஆம் ஆண்டில் பி. ஆர். அம்பேத்கர் தலைமையில் நடத்திய போராட்டம் ஆகும். மகாத் அன்றைய பம்பாய் மாகாணத்தின் கொலாபா மாவட்டத்தில் இருந்த சிறு நகரம். இது இன்று மகாராட்டிர மாநிலத்தின் ராய்கட் மாவட்டத்தில் உள்ளது.

பின்னணி

பொதுப்பணத்தில் பேணப்படும் நீர்நிலைகள், பள்ளிகள் முதலியவற்றைத் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்னும் எஸ். கே. போலேயின் தீர்மானம் 1923 இல் பம்பாய் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி மகாத் நகராட்சி 1924 இல் சவ்தார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டது. ஆனால் சாதி இந்துக்களின் எதிர்ப்பால் தீர்மானம் ஏட்டளவிலேயே நின்றது. பிற சமயத்தவர் அக்குளத்தில் நீர் எடுத்தனர். கால்நடைகளுக்கும் தடை இல்லை.

முதல் மாநாடு

1927 மார்ச் 19, 20 ஆகிய நாட்களில் இங்கு ஒடுக்கப்பட்டோர் மாநாடு கூடியது. உள்ளூரில் இதற்கு உழைத்தவர்களுள் ஆர். பி. மோரே முக்கியமானவர். மாநாட்டுக்கு வேண்டிய நீரை 40 ரூபாய் கொடுத்துச் சாதி இந்துக்களிடம் வாங்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் அனைவரும் ஊர்வலமாகக் குளத்துக்குச் சென்றனர். அம்பேத்கர் முதலில் நீர் அருந்த, மற்றவர்களும் அருந்தினர்.

அவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போவதாக வதந்தி பரவியது. பந்தலில் உணவருந்திக் கொண்டிருந்தோரும் ஊர் திரும்பிக் கொண்டிருந்தோரும் தாக்கப்பட்டனர். சிலர் முசுலிம் வீடுகளில் அடைக்கலம் புகுந்தனர். திருப்பித் தாக்க வேண்டாம் என்று அம்பேத்கர் தம்மவரைத் தடுத்தார். பின்னர் 108 குடம் நீரில் பஞ்சகவ்வியம் கலந்து குளம் "தூய்மை" செய்யப்பட்டது. ஆகத்து மாதத்தில் நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது.

இரண்டாம் மாநாடும் வழக்கும்

மீண்டும் நீர் எடுப்பதற்காக டிசம்பர் 25 அன்று மாநாடு கூட்டப்பட்டது. இடம் தர எவரும் முன்வராத நிலையில் ஒரு முசுலிம் தம் நிலத்தை அளித்தார். அன்றிரவு மனுசுமிருதி எரிக்கப்பட்டது. எரிப்பதில் முன்நின்றவர்களுள் ஒருவரான சகசுரபுத்தே பிராமணர் என்பது குறிப்பிடத்தக்கது. குளம் தனியார் சொத்து எனச் சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கில் முன்னதாகவே இடைக்காலத் தடை வழங்கப்பட்டிருந்தது. சிறை செல்லவும் தொண்டர்கள் ஆயத்தமாக இருந்தனர். எனினும், தடையை மீறினால் அரசுடன் மோத நேரிடும் எனக் கருதி அம்பேத்கர் சத்தியாகிரகத்தைத் தள்ளிவைத்தார். ஊர்வலம் குளத்தைச் சுற்றி வந்து திரும்பியது.

வழக்கு ஏறத்தாழ பத்தாண்டுகள் நீடித்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், தீண்டத்தகாதோரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு வந்தது என மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி அம்பேத்கர் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய புரூம்பீல்டு, 1922 இல் காந்திக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்த அதே நீதிபதி ஆவார்.