முகத்தின் அளவும் முகத்தின் வளர்ச்சியும்

தென்காசி காசி விசுவநாதர் கோயில் மண்டபத்தில் வீரபத்திரர், இரதி, மன்மதன் சிலைகளை நிமிர்ந்து பார்ப்பவர் கண் முதலில் முகத்தில்தான் நிலைக்கும். அந்த முகங்கள் சிற்பியின் மனம்போன போக்கில் அமைந்தவையல்ல. சிற்ப நூல் முறைப்படி முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளம் 12 அங்குலம். நெற்றி, மூக்கு, மூக்கடியிலிருந்து மோவாய் வரை என அது மூன்று சம பாகமாகப் பிரியும். இன்றைய பல் சீரமைப்பு மருத்துவரும் முகத்தை இதே மூன்று பாகமாகப் பகுத்துத்தான் ஆராயத் தொடங்குகிறார்.

ஒற்றுமை இத்தோடு முடிகிறது. சிற்பி வடிப்பது மாறாத தெய்வ முகம். மருத்துவர் கையில் இருப்பதோ நாளும் வளரும் பிள்ளையின் முகம். இந்த வேறுபாட்டை மருத்துவ உலகம் உணர நெடுநாள் பிடித்தது.

பல் வரிசைக் கோளாறுகளை 1899-இல் வகைப்படுத்திய அமெரிக்கர் எட்வர்டு ஆங்கிள், கிரேக்கக் கடவுள் அப்பல்லோ சிலையின் முகத்தையே அழகுக்கு முன்மாதிரியாகக் கொண்டார். 1931-இல் ஹோலி பிராட்பென்ட் தலையை அசையாமல் நிறுத்தி எக்ஸ்ரே எடுக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். இரு காதுத் துளைகளிலும் சிறு தண்டுகள் பொருந்தும். பக்கவாட்டில் படம் எடுக்கப்படும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, மூக்கெலும்பு நெற்றியைத் தொடும் இடம், பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்துள்ள குழி, தாடை முனைகள் ஆகியவற்றைப் புள்ளியிட்டுக் கோணங்களை அளப்பார்கள். ஆண்டுதோறும் படம் எடுத்து ஒப்பிட்டபோது, முகம் எந்தத் திசையில் எவ்வளவு வளர்கிறது என்பது முதன்முறையாகத் துல்லியமாகத் தெரியவந்தது.

ஆனால் ‘இயல்பு’ என்று பாடநூல்களில் ஏறிய கோணங்கள் பெரும்பாலும் வெள்ளையர் முகங்களில் அளந்தவை. தென்னிந்தியர்க்கு முன்பற்கள் சற்று முன்சாய்ந்தும் உதடுகள் சற்று நிறைந்தும் இருப்பது இயல்பு என இங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. நம் பிள்ளைக்குக் கம்பி போடும்போது அயலார் அளவுக்குப் பற்களை உள்ளிழுப்பது சீரமைப்பு ஆகாது. அந்தந்த மக்களின் அளவே அவரவர்க்குப் பொருந்தும்.

முக வளர்ச்சி பற்றிய பெரும் தெளிவு ஒன்று நமக்கு அண்டை நாடான இலங்கையிலிருந்து கிடைத்தது. 1980-களின் நடுவில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் பல் சீரமைப்பு வல்லுநர் மைக்கேல் மார்ஸ், தம் குழுவினருடன் அந்நாட்டின் காலி நகரில் பணியாற்றினார். அறுவை சிகிச்சையே பெறாமல் வளர்ந்து ஆளாகிவிட்ட, உதட்டுப் பிளவும் அன்னப் (வாயின் மேற்கூரை) பிளவும் உள்ளவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். அவர்களின் பல் அச்சுகளையும் எக்ஸ்ரே படங்களையும் ஆராய்ந்தபோது, மேல்தாடை பெரும்பாலும் இயல்பாகவே வளர்ந்திருந்தது. குழந்தைப் பருவத்திலேயே அன்னம் தைக்கப்பட்டவர்களுக்கோ மேல்தாடை பின்தங்குவது உலகெங்கும் அறிந்த செய்தி. ஆகவே வளரும் ஆற்றலைப் பிளவு பறித்துவிடவில்லை. அறுவைத் தழும்பே வளர்ச்சியைத் தடுக்கிறது என்ற கருத்து வலுப்பட்டது. 1990-இல் மார்ஸும் சக ஆய்வாளர் ஹூஸ்டனும் இதைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

அதற்காக அறுவையைத் தள்ளிப்போடவும் முடியாது. அன்னத்தைக் காலம் தாழ்த்தி மூடியவர்களுக்குப் பேச்சு தெளிவாக அமையவில்லை என்பதையும் அதே இலங்கைப் பணிதான் காட்டியது. பேச்சா, தாடையா என்ற இந்த இழுபறியில்தான் இன்றைய சிகிச்சைக் கால அட்டவணை உருவாகியிருக்கிறது. உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்திலும், அன்னத்துக்கு ஏறத்தாழ 9 முதல் 18 மாதத்திலும் அறுவை செய்கிறார்கள். கோரைப்பல் முளைக்கும் முன், பொதுவாக 8 வயதுக்குமேல், பற்களைத் தாங்கும் ஈறு எலும்பின் பிளவில் எலும்பு ஒட்டுகிறார்கள். பிறகு பல் சீரமைப்பு. தேவையானால் வளர்ச்சி நின்றபின் தாடை அறுவை. பிறந்ததும் தொடங்கும் துணை பதினெட்டு வயதுவரை நீள வேண்டும்.

2019-இல் தனி மாவட்டமான தென்காசிக்கு இது நேரடிச் செய்தி. குற்றால மலையடிவாரச் சிற்றூர்களில், கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததால் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று தாயைப் பழிக்கும் வாய்கள் ஓய வேண்டும். முகத்தின் பாகங்கள் ஒன்றுகூடுவது கருவின் முதல் 12 வாரங்களுக்குள். மரபணுவும் சூழலும் சேர்ந்தே அதைப் பாதிக்கின்றன. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமம் என்ற அரசின் குழந்தை நலத் திட்டம், பிறவிக் குறைகளில் உதட்டு, அன்னப் பிளவுகளையும் சேர்த்துள்ளது. பிறந்த ஒவ்வொரு குழந்தையின் வாய்க்குள்ளும் வெளிச்சமிட்டு அன்னத்தைப் பார்ப்பது செவிலியரின் வழக்கமாக வேண்டும். உதடு முழுமையாக இருந்து அன்னம் மட்டும் பிளந்திருந்தால் அது எளிதில் கண்ணுக்குத் தப்பும்.

காலி ஆய்வுக்கு அடிப்படையாக நின்றவை பல் அச்சும் எக்ஸ்ரேயும் ஒழுங்கான பதிவும்தான். சிகிச்சை பெறும் ஒவ்வொரு பிள்ளையின் அச்சையும் படத்தையும் பேச்சுப் பதிவையும் ஆண்டுவாரியாகப் பேணினால், எந்த வயதில் எந்த அறுவை நம் பிள்ளைகளுக்கு நன்மை தருகிறது என்பதைத் தென்காசி மருத்துவர்களே உலகுக்குச் சொல்லலாம்.