வீட்டுத் தோட்டத்தில் கொலம்பைன் மலர் வளர்ப்பு

கொலம்பைன் குளிர் பிரதேசப் பூச்செடி. இமயமலையில் இதன் காட்டு இனங்கள் உண்டு. சமவெளி வெயிலைத் தாங்காது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் முயன்று பார்க்கலாம்.

பலரும் கோட்டை விடுவது விதைப்பில்தான். விதையை ஈர மணலில் கலந்து 3 முதல் 4 வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து, மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். முளைக்க வெளிச்சம் தேவை என்பதால் மண்ணால் மூடக்கூடாது. முளைக்க ஒரு மாதம்கூட ஆகலாம். முதல் ஆண்டு பெரும்பாலும் இலை மட்டுமே வரும். பூக்கவில்லையே என்று பிடுங்கிவிடாதீர்கள். வேர் ஆழமாக இறங்குவதால், வளர்ந்த செடியை இடம் மாற்றினால் பிழைப்பது கடினம்.

காலை வெயில், பிற்பகல் நிழல், நீர் தேங்காத மண் இருக்க வேண்டும். இலையில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது இலைத்துளைப்பான். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்தால் போதும். விதையும் வேரும் நச்சுள்ளவை. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய்களை முற்றும் முன்பே வெட்டிவிடவும்.