ட்ரெக்கிங் வேண்டாம், நடந்தா போதும்! டர்பன் கடலோரக் காட்டுக்குள் ஒரு மணி நேரம்

காடு பிடிக்கும், ஆனா மலையேறி மூச்சு வாங்க முடியாதுன்னு சொல்ற ஆளா நீங்க? தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் போற வாய்ப்பு கிடைச்சா விட்றாதீங்க. அங்கே கடலை ஒட்டின காடுகளுக்குள் அரை மணி நேரத்திலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் முடிகிற பாதைகள் நிறைய இருக்கு. ஏற்றம் அதிகமில்லை. கூடாரமும் பெரிய பையும் தேவையில்லை. ஷூ, தண்ணி பாட்டில் போதும்.

டர்பன், பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிட்டத்தட்ட 30 டிகிரியில் இருக்கு. வடக்கே அதே தூரத்தில் இருப்பது நம்ம ஹரித்வார். இருந்தும் டர்பனில் குளிர் அவ்வளவாக இல்லாததற்குக் காரணம், வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டு வரும் அகுல்யாஸ் கடல் நீரோட்டம். அந்த வெப்பமும் மழையும் சேர்ந்துதான் கடற்கரை மணல்மேட்டின் மேலேயே அடர்காட்டை வளர்த்திருக்கு.

சரி, பாதைகள் ஏன் இவ்வளவு குட்டி? காடே குட்டியாகிவிட்டது என்பதுதான் நேர்மையான பதில். 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர்கள் இந்தக் கடலோரத்தைக் கரும்புத் தோட்டமாக்க ஆரம்பித்தார்கள். அதில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாக மெட்ராஸிலிருந்து கப்பலேற்றப்பட்ட முதல் கூட்டம், 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பலில் டர்பனில் இறங்கியது. அதில் தமிழர்களும் உண்டு. 1911 வரை இப்படி வந்த இந்தியர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். கரும்புக்குப் பிறகு வீடுகள், சாலைகள், கோல்ஃப் மைதானங்கள் வந்தன. அதுக்கெல்லாம் தப்பின துண்டுகளில்தான் நீங்க நடக்கப் போறீங்க.

ஊருக்குள்ளேயே காடு

முதல் நாள் எங்கேயும் அலைய வேண்டாம். க்ளென்வுட் பகுதியில் இருக்கும் பிஜியன் வேலி, வெறும் 10 ஹெக்டேர்தான். கிண்டி தேசியப் பூங்காவுக்குள் இதை 25 முறைக்கு மேல் அடக்கிடலாம். ஆனா அளவைப் பார்த்து அலட்சியமா போயிடாதீங்க. ஸ்பாட்டட் கிரவுண்ட் த்ரஷ் என்ற பறவை, உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கிற இனம். மார்பில் மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருக்கும். குளிர்காலத்தில் இங்கே வந்து, சருகுக்குள் இரை தேடும். சருகு சரசரக்கும் சத்தம் கேட்டால் அப்படியே நில்லுங்க. வேகமா நடக்கிறவங்க கண்ணில் இது படாது.

இன்னொன்று, மார்னிங்சைடில் உள்ள பர்மன் புஷ். இங்கேயும் சின்னச் சின்னப் பாதைகள்தான். வெர்வெட் குரங்குகள் உங்களுக்காகக் காத்திருக்கும், துல்லியமா சொன்னா உங்க கையில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட்டுக்காக. கொடுக்காதீங்க.

மணல்மேட்டு மேல மகிழமரம்

எல்லாவற்றிலும் நான் முதலில் பரிந்துரைப்பது உம்ஷ்லாங்கா லகூன் இயற்கைக் காப்பகம். நகரத்துக்கு வடக்கே, கடற்கரை நடைபாதை முடிகிற பக்கம். சுமார் 26 ஹெக்டேர். மணல்மேட்டுக் காட்டுக்குள் நுழைந்து, ஆற்று முகத்துவாரத்தைத் தொட்டு, கடற்கரைக்குப் போகலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் மரங்களின் தலை எல்லாம் கடல் பக்கம் சரிவாக வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். உப்புக்காற்றின் வேலை அது! காற்று நேரே படுகிற தளிர்கள் கருகிப்போக, அதன் மறைவில் இருப்பவை கொஞ்சம் உயரமா வளரும். அந்தக் கூரைக்குள் புகுந்துவிட்டால் காற்று சட்டென்று அடங்கிடும். அலைச் சத்தம் மட்டும் கேட்கும்.

நம்ம ஆட்களுக்கு இங்கே ஒரு சின்ன சந்தோஷம் இருக்கு. இந்தக் கடலோரக் காடுகளில் நிறைய சொந்தக்காரங்க உண்டு. ரெட் மில்க்வுட் என்று அங்கே சொல்லும் மரம், நம்ம மகிழமரத்தின் பேரினம். ஸூலு மொழியில் உம்டோனி எனப்படும் மரம், நாவலின் பேரினம். பழமும் கருநீலமாகத்தான் இருக்கும். காட்டுப் பேரீச்சை நம்ம ஈச்சைக்கு ஒண்ணுவிட்ட சகோதரி. 1860-ல் இறங்கினவர்களும் இவற்றை உற்றுப் பார்த்திருப்பார்களோ என்று தோன்றாமல் போகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாரா இருங்க: பாதையை விட்டு இறங்கக் கூடாது. அந்த மேடு முழுக்க மணல். வேர்கள்தான் பிடித்து வைத்திருக்கு. ஒரு செல்ஃபிக்காக பத்துப் பேர் மிதிச்சா செடி போகும், செடி போனா மணல் சரியும். பக்கத்தில் இருக்கும் ஹவான் காடு தனியார் நிலம். அங்கே வழிகாட்டியோடுதான் போக முடியும்.

உம்ஷ்லாங்கா வரை போனவர்கள், அருகிலுள்ள மவுன்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலையும் பார்த்துட்டு வாங்க. கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் வளர்த்த கோயில். புனித வெள்ளி அன்று இங்கே பெரிய திருவிழா.

ஒரு நாள் கூடுதலா இருந்தா

கார் இருந்தால் வடக்கே ரெண்டு மணி நேரத்துக்குள் ரெண்டு இடங்கள். அங்கேயும் நம்மைப்போல இடது பக்கம்தான் ஓட்டணும்.

ம்டுன்ஸினி ஊரில் ராஃபியா பனைகளுக்கு நடுவே மரப்பலகைப் பாதை போகிறது. 1916-ல் துடைப்ப நார் எடுக்கலாம் என்று நட்டவை இவை. வாழ்நாளில் ஒரே முறை காய்த்து, பிறகு செத்துப்போகும் பனை. இந்தப் பழத்தைத் தின்பதற்கென்றே ஒரு கழுகு இருக்கு! பாம் நட் வல்ச்சர் என்று பெயர். பக்கத்தில் உம்லாலாஸி காப்பகத்தில் அலையாத்திக் காட்டுப் பாதையும் உண்டு. முதலைகள் இருக்கிற நீர், அதனால் காலை நனைக்காதீங்க.

எஷோவே ஊரின் ட்லின்ஸா காடு கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கு. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், கிளைகளுக்கு நடுவே நடைபாதை. முடிவில் 20 மீட்டர் உயரக் கோபுரம். முட்டிவலி இருக்கிற அப்பா, அம்மாவை தாராளமா இந்த நடைபாதையில் கூட்டிட்டுப் போகலாம். கீழே ப்ளூ டைக்கர் ஓடும். பயப்படாதீங்க, டைகர் இல்லை. முயலைவிடக் கொஞ்சம் பெரிய மான்.

கிளம்பும் முன்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். மழை குறைவு, நடக்க சுகம். டிசம்பர், ஜனவரியில் சென்னை மே மாதத்தை நினைவூட்டும் புழுக்கம்.

வழிப்பறி அங்கே நிஜமான பிரச்னை. அதனால் தனியா போகாதீங்க, குறைந்தது மூணு நாலு பேரா போங்க. நகை, கேமராவைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். தங்குமிடத்தில், "இன்னிக்கு அந்தப் பாதை சேஃபா?"ன்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. மொபைலிலிருந்து அவசர உதவிக்கு 112.

உண்ணிக்கடி காய்ச்சல் தரலாம் என்பதால் முழு பேன்ட் நல்லது. பச்சை மாம்பா இந்தக் காடுகளில் உண்டு. ஆனா அது பெரும்பாலும் மரத்து மேலேயே இருக்கிற, மனுஷனைக் கண்டா நழுவுகிற பாம்பு. கிளையைப் பிடிக்கும் முன் ஒரு பார்வை பார்த்துக்கோங்க. டர்பனில் மலேரியா பயம் இல்லை. மாகாணத்தின் வடக்கு எல்லை வரை போறதா இருந்தா மட்டும் டாக்டரிடம் கேளுங்க.

2022 ஏப்ரல் வெள்ளம் இந்தக் கடலோரத்தைப் புரட்டிப் போட்டது. ஆற்று முகத்துவாரங்களில் பாலமும் பாதையும் மாறிக்கொண்டே இருக்கும். மேப்பை மட்டும் நம்பாமல் வாசலில் விசாரிங்க. அப்படியே கேட் எத்தனை மணிக்கு மூடுவாங்க என்பதையும் கேட்டுக்கோங்க.