இணையத் தேடல் வரைபடங்களைப் புரிந்துகொள்வது எப்படி?

திருவனந்தபுரம்: எந்தப் பகுதி மக்கள் இணையத்தில் எதைத் தேடுகின்றனர் என்பதை நிற அடர்த்தியால் காட்டும் வரைபடங்கள் செய்திகளிலும் ஆய்வுகளிலும் பரவலாகப் பயன்படுகின்றன. அவற்றுள் முக்கியமானது, 2006-இல் தொடங்கப்பட்ட ‘கூகுள் ட்ரெண்ட்ஸ்’.

இது தேடல்களின் எண்ணிக்கையைத் தருவதில்லை. ஒரு பகுதியின் மொத்தத் தேடல்களில் குறிப்பிட்ட சொல்லின் பங்கைக் கணக்கிட்டு, உச்ச அளவை 100 எனக் கொண்டு மதிப்பிடுகிறது. எனவே, சிறிய மாநிலமும் பெரிய மாநிலத்தை விட அடர்த்தியான நிறத்தில் தோன்றலாம்.

தேடும் மொழியும் முடிவை மாற்றும். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை அருகே உள்ள பழவங்காடி, இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள கணபதி கோயிலால் அறியப்படும் இடம். இப்பெயரை மலையாளம், தமிழ், ஆங்கிலம் ஆகிய எழுத்துகளில் தேடினால், அவை தனித்தனிச் சொற்களாகவே கணக்கிடப்படும். ஆங்கிலச் சொல்லை மட்டும் கொண்டு வரையப்படும் படத்தில், தமிழில் தேடிய பக்தர்கள் இடம்பெற மாட்டார்கள். சொல்லுக்குப் பதிலாக ‘தலைப்பு’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் பன்மொழித் தேடல்கள் ஒன்றுசேரும்.

இணைய வசதி இல்லாதோர் இத்தகைய எந்தப் படத்திலும் இல்லை. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் 260 கோடி பேர் இணையத்தைப் பயன்படுத்தவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க, கேரள அரசு 2002-இல் ‘அக்ஷயா’ கணினிக் கல்வித் திட்டத்தையும், 2023 ஜூன் 5-இல் ‘கே-போன்’ இணையச் சேவையையும் தொடங்கியது.

தேடல்கள் மிகக் குறைவாக உள்ள இடங்கள் படத்தில் வெறுமையாகவே காட்டப்படும். அந்த வெறுமையை மக்களின் ஆர்வமின்மை என்று முடிவு செய்வது தவறாகலாம்.