ஒரு கை மட்டும் அசையும்

திருவாமாத்தூரும் திருவெண்ணெய்நல்லூரும் ஒரே விழுப்புரம் மாவட்டத்துப் பாடல்பெற்ற தலங்கள். இரண்டாவது ஊர், கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர். நன்றி மறக்காத கம்பர் தன் ராமாயணத்துக்குள்ளேயே அவரைப் பலமுறை பாடியிருக்கிறார். அந்த நூல் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போய், கேரளத்துப் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்தாக இன்னும் ஆடப்படுகிறது. ஆடுகிறவர்களின் வீட்டு மொழி மலையாளம். பாடுவது கம்பனின் தமிழ்ப் பாட்டு.

ராவண வதம் நடந்தபோது பத்ரகாளி தாருகனோடு போரில் இருந்தாளாம். அவள் பார்க்கத் தவறியதைக் காட்டத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். கோயிலுக்கு எதிரே கூத்துமாடம், நீளத் திரை, பின்னால் வரிசையாக 21 விளக்குகள். மனிதர் யாரும் வராவிட்டாலும் கூத்து நிற்காது. பார்க்கிறவள் காளி.

நம் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் இதை ஆடுபவர்கள் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர்கள். தஞ்சையில் 17ஆம் நூற்றாண்டில் மராட்டியர் ஆட்சி வந்ததையொட்டி இவர்கள் இங்கே வந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ராமனுக்கும், சீதைக்கும், சிரிக்க வைக்கும் உளுவத்தலையனுக்கும் ஒரே ஆள்தான் குரல்.

இப்போது கணினிக்கு வருவோம். ஓவியம் படிக்கிற மாணவருக்கு இந்தக் கலையைச் சொல்லித்தர டிஜிட்டல் கருவிகள் நல்ல வழிதான். பழைய பாவையைப் பின்னொளியில் ஸ்கேன் செய்யலாம். துளைகளின் கணக்கைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கை, கால், தலையைத் தனித்தனி லேயராகப் பிரித்து மூட்டுப்புள்ளி வைத்து ஆட்டலாம். கிழிந்துபோகிற ஆட்டுத்தோலுக்கு அது ஒரு காப்பும்கூட.

சிக்கல் மூட்டுப்புள்ளியில்தான் இருக்கிறது. மென்பொருளில் எத்தனை மூட்டு வேண்டுமானாலும் வைக்கலாம், மாணவரும் ஆசையாக வைத்துவிடுவார். ஆனால் கேரளத்துப் பாவைகள் பலவற்றில் ஒரு கை மட்டுமே அசையும். இதைக் குறை என்று நினைத்துத் திருத்தினால் கூத்து போய்விடும்.

ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926இல் இளவரசர் அக்மதின் கதையை நிழலுருவப் படமாக எடுத்தார். அவர் கத்தரித்த உருவங்களுக்கு நிறைய மூட்டுகள். காரணம் எளிது: அது மௌனப்படம், கோபமோ வெட்கமோ உடம்புதான் சொல்லியாக வேண்டும். கூத்தில் அதையெல்லாம் குரல் சொல்லிவிடுகிறது. கேரளத்தில் பாவை திரையில் அசையாமல் நிற்க, புலவர் ஒரு பாட்டுக்கு நெடுநேரம் விளக்கம் சொல்லிக்கொண்டே போவார். விளக்குச் சுடர் நடுங்குவதில் அந்த உருவம் மூச்சுவிடுவதுபோல் தெரியும்.

2021இல் ராமச்சந்திர புலவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு அவர் குழுவின் பங்களிப்போடு, பாலக்காட்டு அருங்காட்சியகத்தில் பாவைகளை ரோபோ இயந்திரங்கள் ஆட்டின. அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அங்கே போகிற ஒரு பிள்ளை முதல்முறையாக இந்தக் கலையைப் பார்க்கக்கூடும். ஆனால் இயந்திரம் எடுத்துக்கொண்டது கையின் வேலையை மட்டும். நேற்று சொன்ன விளக்கத்தை இன்று கொஞ்சம் மாற்றிச் சொல்கிற வாய் அதனிடம் இல்லை.

அதனால் வகுப்பில் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். முதல் நாள் ஸ்கேன் வேண்டாம், ஒலிப்பதிவு போதும். ஒரே தொண்டை எப்படி நாலு பேராகிறது என்று மாணவர் கேட்கட்டும். பிறகு ஒரு மூட்டு மட்டும் வைத்து, தன் குரலிலேயே ஒரு காட்சியை நடத்தட்டும். கூத்துக் கலைஞரை ஒருநாள் விருந்தினராக அழைத்துச் சால்வை போட்டு அனுப்பாமல், பருவம் முழுக்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியராக அமர்த்த வேண்டும். ஸ்கேன் செய்த ராமன் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருப்பான். அவனுக்குப் பேச்சு கொடுக்கிறவரின் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.