ஆடை மாறும் நாள்

கோடை முடிந்து குளிர் தொடங்குவதற்கு இடைப்பட்ட சில வாரங்கள் மனிதனைச் சற்றே அலைக்கழிப்பவை. விடியற்காலையில் உடல் நடுங்கும், நண்பகலில் வியர்க்கும், மாலை வந்ததும் போர்வையைக் கை தேடும். அந்நாட்களில் எதை உடுப்பது என்பது சிறிய கேள்விதான். ஒவ்வொருவரும் வானத்தைப் பார்த்து, தம் உடலைக் கேட்டு, விடை கண்டுகொள்ளலாம். ஆனால் அந்தக் கேள்வியைத் தனி மனிதரிடம் விடாமல், "இன்ன நாளில் இன்ன ஆடை" என்று நாடு முழுவதற்கும் விடை கூறிய சமுதாயம் ஒன்று உண்டு. அதுவே ஜப்பான்.

அங்கே பருவத்திற்கேற்ப உடை மாற்றும் வழக்கத்திற்குக் 'கொரோமோகாயே' என்று பெயர். ஆடை மாற்றம் என்பதே அச்சொல்லின் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வுடைய இவ்வழக்கத்தைப் பற்றிச் சில செய்திகளை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு ஆடையைப் பற்றிப் பேசுவது வரலாறாகுமா என்று சிலர் ஐயுறலாம். ஆணையிட்டவர் யார், அந்த ஆணையை நடத்திக்காட்ட உழைத்தவர் யார் என்னும் இரண்டு கேள்விகளும் எங்கே எழுகின்றனவோ அங்கே வரலாறு இருக்கிறது என்பது என் கருத்து.

கி. பி. 794-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேரரசின் தலைநகரம் ஹெய்யான் என்னும் நகரில் அமைந்தது. இன்றைய கியோட்டோ அதுவே. அக்காலத்து அரண்மனை, சீன நாட்டு முறைகள் பலவற்றைப் போற்றி ஏற்றுக்கொண்டது. பருவந்தோறும் உடை மாற்றும் சடங்கும் அவற்றுள் ஒன்று. சந்திரனை ஒட்டிய பழைய நாட்காட்டியின்படி நான்காம் மாதத்து முதல் நாளில் கோடை ஆடையும், பத்தாம் மாதத்து முதல் நாளில் குளிர்கால ஆடையும் அணியப்பட்டன. உடை மட்டுமன்று, அறையின் திரைகளும் விரிப்புகளுங்கூட அன்றே மாறின. இச்சடங்கிற்கு முதலில் வழங்கிய பெயர் 'கோயி' என்பது. பின்னர் அரண்மனைப் பெண்டிருள் ஒரு நிலையினருக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. முராசாகி ஷிக்கிபு என்ற பெண்மணி இயற்றிய 'கெஞ்சியின் கதை'யில் கதைத்தலைவனின் தாய் அந்தப் பட்டத்தால் அறியப்படுகிறாள். பெயர் குழம்பாதிருக்க, உடை மாற்றத்தைக் கொரோமோகாயே என்று வழங்கலாயினர்.

அந்நாளைய அரண்மனை மகளிர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அங்கிகளை அணிந்தார்கள். மேலாடையின் நிறமும், அதன் உட்புறத்தில் தைத்த துணியின் நிறமும், ஓரங்களில் சிறிதே தெரியும் உள்ளாடைகளின் நிறமும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். அவ்விசைவுகளுக்குச் செடிகொடிகளின் பெயர்களைச் சூட்டியிருந்தனர். இலையுதிர்காலத்திற்கு உரியவை செவ்வந்தியும், சிவந்த மேப்பிள் இலையும், புல்வெளிப் பூக்களும். பருவம் தவறி உடுத்துவது நாகரிகமற்ற செயலாகக் கருதப்பட்டது. செய் ஷோனாகொன் என்ற மற்றொரு பெண்மணி, தம் 'தலையணைக் குறிப்பு'களில், மனத்திற்குச் சலிப்பூட்டுவனவற்றைப் பட்டியலிடும்போது, காலங்கடந்து அணியப்படும் பிளம் பூ நிற ஆடையையும் சேர்த்திருக்கிறார்.

இவையெல்லாம் அரண்மனைக்குள் நடந்தவை. வெளியே வயலில் உழைத்த மக்கள் செடிநாரால் நெய்த முரட்டுத் துணியை உடுத்தினர். பருவத்திற்கு ஓர் ஆடை என்பது அவர்களுக்கு எட்டாத செல்வம். இந்த வழக்கம் எவ்வாறு ஊர்மக்களின் வீட்டிற்குள் வந்தது என்பதே நம் கதையின் சுவையான பகுதி.

1603-ஆம் ஆண்டில் டோக்குகாவா குடியினர் நாட்டின் ஆட்சியை ஏற்று, எடோ நகரில் அமர்ந்தனர். அந்நகரமே பின்னாளில் டோக்கியோ ஆயிற்று. அவர்கள் எதையும் வரையறுத்துவைப்பதில் பேரார்வம் கொண்டவர்கள். சாமுராய் வீரர்கள் ஆண்டுக்கு நான்கு முறை உடை மாற்றவேண்டும் என்று விதித்தார்கள். நான்காம் மாதத்து முதல் நாளில் உட்துணி வைத்துத் தைத்த 'அவாசே'. ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாள் முதல் உட்துணி இல்லாத மெல்லிய நாராடை. ஒன்பதாம் மாதத்து முதல் நாளில் மீண்டும் அவாசே. ஒன்பதாம் நாள் முதல் உள்ளே பஞ்சு பரப்பித் தைத்த 'வாத்தா-இரே'. இந்தக் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். கோடைக்கும் குளிருக்கும் நடுவே அணியும் இலையுதிர்கால ஆடைக்கு அரசாங்கம் கொடுத்த காலம் எட்டே நாட்கள்! எட்டாம் நாள் மாலை வரை வெயில் காய்ந்தாலும், ஒன்பதாம் நாள் காலையில் பஞ்சு வைத்த உடையைத்தான் வீரர் அணியவேண்டும். வானம் என்ன சொல்கிறது என்பதை விட நாட்காட்டி என்ன சொல்கிறது என்பதே பெரிதாயிற்று.

மேலிருந்தோரின் வழக்கம் மெல்ல நகரமாந்தரிடமும் பரவியது. அதன் சுவடு ஒரு குடும்பப் பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஜப்பானில் 'வாத்தானுக்கி' என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. 'பஞ்சை எடுத்தல்' என்பது அதன் பொருள். ஆனால் அதை எழுதும்போது 'நான்காம் மாதம் முதல் நாள்' என்று பொருள்படும் எழுத்துக்களால் எழுதுவார்கள். எழுத்தில் ஒரு தேதி. ஒலியில் ஒரு வேலை. அந்த நாளில் அந்த வேலை எல்லா வீட்டிலும் நடந்ததால், தேதியைப் பார்த்தவுடன் வேலையின் பெயர் நாவில் வந்தது.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? வீட்டுப் பெண்கள். கிமோனோ என்னும் ஆடையின் அமைப்பை அறிந்தால் அவர்களது உழைப்பு விளங்கும். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும், 36 சென்டிமீட்டர் அளவிலான அகலமும் உடைய ஒரே நீண்ட துணியை நேர்க்கோடாக வெட்டி, அத்துண்டுகளை இணைத்துத் தைப்பதே கிமோனோ. வளைத்து வெட்டுவது இல்லையாதலால் துணி வீணாவது மிகக் குறைவு. தையலைப் பிரித்துவிட்டால் துண்டுகள் மீண்டும் பழைய நீண்ட துணியின் வரிசையில் வந்து அமையும். பெண்கள் ஆடையைப் பிரித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, பலகையின்மீது ஒட்டி வெயிலில் உலர்த்தி, மறுபடியும் தைத்தார்கள். குளிர்காலம் வரும்போது உட்துணி சேர்ந்தது. பனி மிகும்போது இரண்டிற்கும் நடுவே பஞ்சு சேர்ந்தது. வசந்தத்தில் பஞ்சு வெளியே வந்தது. வசதி குறைந்த வீட்டில், கோடை ஆடையும் குளிராடையும் இரண்டு ஆடைகள் அல்ல. ஒரே ஆடையின் இரண்டு பிறவிகள். அதற்கும் வழியில்லாதவர், எடோ நகரின் கந்தா ஆற்றங்கரையில் யானகிவாரா என்னும் இடத்தில் வரிசையாக இருந்த பழந்துணிக் கடைகளை நாடினர்.

ஆணை ஒரு தேதியைத்தான் கொடுத்தது. அந்தத் தேதியில் அணிவதற்கு ஓர் ஆடையைக் கொடுத்தது ஊசி பிடித்த கை. அரசாணைகள் ஏட்டில் இருக்கின்றன. இரவு விளக்கொளியில் தையல் பிரித்த கைகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. 'வாத்தானுக்கி' என்ற சொல்லை நான் பெரிதாக மதிப்பதன் காரணம் இதுவே. அந்த உழைப்பிற்கு அது ஒரு சிறு கல்வெட்டு.

இக்கதையில் நம் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டு. எடோ அரசாங்கம் உழவர்க்குப் பட்டை விலக்கியது. நகர வணிகரின் ஆடம்பர உடைக்கும் அடிக்கடி தடை விதித்தது. பளபளக்கும் பட்டுக்குத் தடை வந்ததும், பருத்தித் துணியின் அடக்கமான அழகை நகரத்தார் நாடினர். அவர்கள் மிகவும் விரும்பியவற்றுள் ஒன்று, மெல்லிய கோடுகள் ஓடும் ஒருவகைப் பருத்தித் துணி. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் சென்ற அத்துணியை ஜப்பானியர் 'சாந்தோமே' என்று அழைத்தனர். மயிலாப்பூரில் போர்த்துகீசியர் அமைத்த சாந்தோம் குடியிருப்பின் பெயரே அது. 1641-ஆம் ஆண்டிலிருந்து நாகசாகியில் தங்கி வாணிகம் செய்ய உரிமை பெற்றிருந்த ஐரோப்பியர் டச்சுக்காரர் மட்டுமே. அவர்கள் வழியாக இத்துணி தொடர்ந்து சென்றது. பின்னர் ஜப்பானிய நெசவாளரே அதைப்போல நெய்யத் தொடங்கினர். கவகோயே என்னும் ஊர் அதற்குப் புகழ் பெற்றது. நம் நெசவாளர் கண்ட கோடுகள், கடல் கடந்து சென்று, எடோ நகரத்து வணிகரின் அன்றாட உடையில் இடம்பெற்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பான் தன் கதவுகளைத் திறந்தது. 1868-ஆம் ஆண்டில் மெய்ஜி ஆட்சி தொடங்கியது. 1872-இல் அரசாங்கச் சடங்குகளுக்கு மேலைநாட்டு உடை முறையாயிற்று. அதே சமயத்தில் நாட்காட்டியும் மாறியது. பழைய முறையில் பன்னிரண்டாம் மாதத்து இரண்டாம் நாள் முடிந்ததும், மறுநாள் 1873-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டின் கடைசி மாதத்திற்கு வாழ்வு இரண்டே நாட்கள்! நாட்காட்டி மாறியபின் உடை மாற்றும் நாளும் மாறத்தானே வேண்டும்? ஜூன் முதல் நாள் கோடை உடைக்கும், அக்டோபர் முதல் நாள் குளிர் உடைக்கும் உரியனவாயின. நான்கு மாற்றங்கள் இரண்டாகச் சுருங்கின. கம்பளிக் கோட்டைப் பிரித்துப் பஞ்சு வைக்க முடியாதன்றோ? இப்போது தேவைப்பட்டவை இரண்டு தனித்தனிச் சீருடைகள்.

இந்தத் தேதிகளை நாடெங்கும் வேரூன்றச் செய்தவர்கள், மாணவர்களே, உங்களைப் போன்ற மாணவர்கள்தாம். 1886-இல் டோக்கியோவின் பேரரசுப் பல்கலைக்கழகம் நிமிர்ந்த கழுத்துப்பட்டையும் பொன்னிறப் பொத்தான்களும் உடைய சீருடையை ஏற்றது. 1920-களில் பெண்கள் பள்ளிகளில் மாலுமியுடை பரவியது. மே மாதத்தின் கடைசி நாள் வரை கருமையும் கருநீலமுமாக இருந்த பள்ளித் தெரு, ஜூன் முதல் நாள் காலையில் வெள்ளை வெளேரென்று மாறிவிடும். அக்டோபர் முதல் நாளில் மீண்டும் கருமை. அரண்மனைச் சடங்கு பள்ளிக்கூடத்தின் வழியாக எல்லோருக்கும் உரியதாயிற்று.

ஆனால் வானம் ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை. ஜப்பான் வடக்கிலிருந்து தெற்குவரை நீண்டு கிடக்கும் நாடு. ஹொக்காய்டோவில் அக்டோபருக்கு முன்பே குளிர் வந்துவிடும். ஓக்கினாவாவில் அக்டோபரிலும் வெயில் தணியாது. ஆகையால் அவ்விடங்களில் வேறு தேதிகள் வழங்கின. இப்போதோ நடுநாட்டிலும் கோடை நீண்டுவருகிறது. அந்நாட்டு வானிலை நிலையத்தார் 1898 முதல் வைத்திருக்கும் கணக்கில், 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் கோடைகள் அதுவரை காணாத வெப்பத்தைக் காட்டின. 2025-ஆம் ஆண்டின் கோடை அவற்றையும் விஞ்சியது. வெயில் கொளுத்தும் நாளில் தடித்த கோட்டை அணிந்து வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவனின் உடல்நலம் பெரிதா, ஆயிரமாண்டு மரபின் தேதி பெரிதா என்ற கேள்வி உண்மையாகவே எழுந்துவிட்டது.

அரசாங்கமே வழிகாட்டவேண்டியதாயிற்று. 2005-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் 'கூல் பிஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அலுவலக அறைகளைக் குளிரூட்டுவதில் 28 பாகையோடு நிறுத்திக்கொண்டு, ஊழியர்கள் கழுத்துப்பட்டியையும் கோட்டையும் விட்டு எளிய உடையில் வரலாம் என்று அது கூறியது. அன்றைய பிரதமர் கோயிசுமியே கழுத்துப்பட்டியின்றித் தோன்றி முன்மாதிரி காட்டினார். அதற்கு முதலில் வகுத்த காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை; பழைய கொரோமோகாயேயின் எல்லைகளே அவை. நாளடைவில் அக்காலம் இருபுறமும் நீண்டது. 2021-ஆம் ஆண்டில், நாடு முழுவதற்கும் ஒரே காலத்தை வரையறுக்கும் முறையையே அமைச்சகம் கைவிட்டது. அவரவர் தம் ஊரின் தட்பவெப்பத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றாயிற்று. பள்ளிகள் பலவும், முதல் நாளிலேயே எல்லோரும் மாறவேண்டும் என்பதைத் தளர்த்தி, இரு உடைகளுள் எதையும் அணியத்தக்க இடைக்காலம் ஒன்றை ஏற்படுத்தியுள்ளன. அன்று எட்டே நாட்களாக இருந்த இடைப்பருவத்திற்கு இன்று வாரக்கணக்கில் இடம் கிடைத்திருக்கிறது.

ஆக, நான்காம் மாதம், ஐந்தாம் மாதம், ஜூன் மாதம் என்று தேதி பலமுறை இடம் பெயர்ந்தது. இப்போது கரைந்துகொண்டும் இருக்கிறது. கரையாமல் நிற்பது அந்த வீட்டுப் பெண்களின் அறிவு. மெல்லியதன்மேல் மெல்லியதாக அடுக்கு. குளிர்ந்தால் ஒன்றைச் சேர், வெயில் ஏறினால் ஒன்றை எடு. துணியை வீணாக்காதே என்பதே அது. இன்று டோக்கியோ நகரின் இளைஞர் ஒருவர் செப்டம்பர் மாலையில் சட்டையின்மேல் மெல்லிய மேற்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு புறப்படும்போது, தாம் அறியாமலே அந்த அறிவைத்தான் பின்பற்றுகிறார்.

வரலாற்று நூலில் ஒரு தேதியைக் காணும்போது, அதை விதித்தவரின் பெயர் எளிதில் கிடைத்துவிடும். அந்தத் தேதிக்குள் வேலையை முடித்துவைத்தவர் யார் என்று மாணவர்கள் மேலும் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்பதே என் விருப்பம். அதற்கு விடை சில வேளைகளில் ஒரு குடும்பப் பெயரின் ஒலிக்குள் ஒளிந்திருக்கும்.