தஞ்சாவூர்ப் பேய்க்கு ஏன் தெலுங்கு வந்தது?

இந்த எபிசோடு ஒரு பேயோட சொந்த ஊரைப் பற்றியது.

‘சந்திரமுகி’ பார்க்காதவங்க நம்ம கூட்டத்தில் யாரும் இருக்க மாட்டீங்க. 2005 ஏப்ரல் 14 அன்று வெளியான படம். அது 1993-இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாளப் படத்தின் ரீமேக் என்பதும் பலருக்குத் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்த இரண்டு ராத்திரியில் பார்த்தேன். நான் தஞ்சாவூர்க்காரன். அதனால் ஒரு விஷயம் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. மலையாள மூலத்தில் அந்தப் பேய் எங்க ஊர்ப் பெண்.

கதையை ஞாபகப்படுத்திக்கலாம். நாகவல்லி, தஞ்சாவூர் நடனக்காரி. சங்கரன் தம்பி என்ற கேரளத்துப் பெரிய வீட்டுக் காரணவர் அவளைத் தன் மாளிகைக்குக் கொண்டு போகிறார். எதிர்வீட்டில் அவளுடைய காதலன் இருக்கிறான். விஷயம் தெரிந்ததும் தம்பி அவளைக் கொன்றுவிடுகிறார். பல தலைமுறை கழித்து அந்த வீட்டுக்கு வரும் கங்கா, மனநோயால் தன்னையே நாகவல்லியாக நினைத்துக்கொள்கிறாள். அது எப்படித் தெரிகிறது? மலையாளம் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று தமிழ் பேசுகிறாள். இதற்காகவே நாகவல்லியின் குரலுக்கு துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞரைத் தனியாகப் பேச வைத்தார்கள். க்ளைமாக்ஸ் பாட்டில் வரும் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி. ஷோபனாவுக்கு அந்த வருஷத்தின் தேசிய விருது கிடைத்தது.

இப்போ ரீமேக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் தமிழ் பேசும் கங்கா, தமிழ் பேசும் பேயாக மாறினால் யார் பயப்படுவாங்க? அதனால் பேய்க்கு வேறு மொழி வேணும். இயக்குநர் பி. வாசு முதலில் 2004-இல் கன்னடத்தில் எடுத்த ‘ஆப்தமித்ரா’விலேயே பேய் தெலுங்கு பேச ஆரம்பித்துவிட்டது. தமிழுக்கு வந்தபோது அது விஜயநகரத்துச் சந்திரமுகி ஆனது. ‘ராரா’ பாட்டு முழுக்கத் தெலுங்கில்தான். 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த ‘பூல் புலையா’வில் அவள் வங்காளத்து மஞ்சுலிகா.

வரிசையைக் கவனிச்சீங்களா? மலையாளிக்குத் தமிழச்சி, கன்னடருக்கும் தமிழருக்கும் தெலுங்குப் பெண், இந்திக்காரருக்கு வங்காளப் பெண். எந்த ஊரில் எடுத்தாலும் பேய் பக்கத்து ஊர்க்காரிதான். திரைக்கதைக்கு இது தேவை, அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இதில் நமக்கு ஒரு வசதியும் கிடைத்தது. தஞ்சாவூர் என்ற பெயர் கதையிலிருந்து கழன்று போனதால், அந்த நடனப் பெண் யார், அவளை யார் கொண்டு போனார்கள் என்ற கேள்வியும் நம்ம ஊருக்கு வராமலே போய்விட்டது.

அந்தக் கேள்வியை நாமே கேட்போம். வரலாற்றில் நாகவல்லி மாதிரி ஒரு பெண் இருந்திருக்க முடியுமா?

தஞ்சாவூரிலிருந்து கேரளத்துக்கு ஆட்டமும் பாட்டும் போனது நிஜம். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் சரபோஜி மன்னரின் அவையில் இருந்தவர்கள். வடிவேலு பிறகு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளின் அவைக் கலைஞர் ஆனார். சுவாதி ஆண்டது 1829 முதல் 1846 வரை. ஆக, ஃபாசில் படத்தின் பாதை கற்பனைப் பாதை இல்லை.

அடுத்து மொழி. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ரீமேக்குக்காக மாற்றிய தெலுங்கு, தெரியாமலே தஞ்சாவூர் வரலாற்றோடு ஒட்டிக்கொள்கிறது! 1532-இல் தொடங்கிய நாயக்கர் ஆட்சியில் தஞ்சை அவையின் இலக்கிய மொழி பெரும்பாலும் தெலுங்கு. பின்னால் வந்த மராட்டியர் காலத்திலும் அது விடவில்லை. ஷாஜி மன்னரே தெலுங்கில் நாடகம் எழுதினார். தஞ்சை மேடையில் ஆடிய ஒரு பெண் தெலுங்குப் பதத்துக்கு அபிநயம் பிடித்திருப்பாள். மேடையை விட்டு இறங்கினால் தமிழ் பேசியிருப்பாள். நாகவல்லியும் சந்திரமுகியும் ஒரே பெண்ணாக இருந்திருக்கலாம்.

அப்படி ஒருத்தர் நிஜமாகவே இருந்தார். பெயர் முத்துப்பழனி. 1739 முதல் 1763 வரை ஆண்ட பிரதாபசிம்மனின் அவையில் இருந்த கணிகை. ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். பெண்ணின் ஆசையைப் பெண்ணே பேசும் நூல். 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மா அதை முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு அடுத்த வருஷமே நடவடிக்கை எடுத்து, பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சுதந்திரத்தை ஒட்டிப் பிரகாசம் முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாதான் இவர். ஆராதனைக்குப் போகும் எத்தனை பேருக்கு அந்தப் புத்தகம் தெரியும்?

இன்னும் பின்னால் போனால் பெரிய கோயில். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றியதைக் கல்வெட்டு சொல்கிறது. தெரு, சிறகு, எத்தனையாவது வீடு, பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எல்லாம் இருக்கு. முதல் வீடு, திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கை. சில வீடுகள் தள்ளி ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். ஆளுக்கு ஒரு பங்கு: ஒரு வேலி நிலத்தின் விளைச்சலாக வருஷத்துக்கு நூறு கலம் நெல். அதை அளந்த மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான். காவிரி நெல்லில் சம்பளம், கல்லில் முகவரி.

அவங்க வாழ்க்கை பொன்னாக இருந்ததுன்னு நான் சொல்லலை. கொண்டுவரப்பட்ட பெண்களுக்கு ‘வர மாட்டேன்’ என்று சொல்ல முடிந்ததா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. டெல்டாவின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே மரபுக்குள் வளர்ந்து, அதன் சுரண்டலை எதிர்த்துப் போராடினார். 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது.

அதற்கு முன்பே அரண்மனை ஆதரவு போய்விட்டது. 1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி தஞ்சாவூரை எடுத்துக்கொண்டது. ஆடியவர்கள் பலர் சென்னைக்குப் போனார்கள். தஞ்சை அவையில் ஆடிய காமாட்சியம்மாளின் பேத்திதான் வீணை தனம்மாள். தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி.

சினிமா நாகவல்லிக்கு ஒரு பூட்டிய அறை, ஒரு கொலை, ஒரு பழிவாங்கல். நிஜப் பெண்களுக்கு நடந்தது இதைவிட நிதானமான வேலை. முதலில் வருமானம் போனது, பிறகு புத்தகம் பறிபோனது, கடைசியில் மரியாதையும் போனது. அவர்கள் ஆடியதை வேறு வீட்டுப் பிள்ளைகள் பரதநாட்டியம் என்ற பெயரில் கற்றுக்கொண்டு அரங்கேற்றம் செய்தார்கள்.

அடுத்த தடவை டிவியில் ‘சந்திரமுகி’ ஓடும்போது, அவள் தெலுங்கு பேச ஆரம்பிக்கிற இடத்தில் இதை நினைச்சுப் பாருங்க. தஞ்சாவூர் பக்கம் வந்தால் பெரிய கோயில் சுவரில் அந்த நானூறு பெயர்களையும் தேடிப் பாருங்க. எழுத்து புரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் யாரையாவது கேளுங்க. சேரமங்கை முதல் வீடு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.